நீலகிரி கூடலூர் பக்கம் வீடு தேடி வர்ற பாலியேட்டிவ் கேர், பயிற்சி வகுப்பு - நாங்க பாத்த வரைக்கும் (5க்கு 4)

பாலியேட்டிவ் கேர்னா பெரிய நோயில கிடக்கிறவங்களோட வலியையும் அவஸ்தையையும் குறைச்சு பாத்துக்கறது. முதல்லயே சொல்லிடறேன், இதை நடத்துறவங்க பேர் இதுல போடல. இருக்கிறது ரெண்டு சிஸ்டர், ஒரு ஜீப்பு, வாரத்துல ஒரு நாள் வர்ற டாக்டர், மத்ததெல்லாம் வாலண்டியருங்க, கண்ட ஊர்லருந்தும் போன் வந்தா எங்களால தாங்க முடியாது பேர் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. கூடலூர் பந்தலூர்ல இருக்கறவங்க பஜார்ல எந்த மெடிக்கல் ஷாப்புல கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

யாருக்குன்னா, கேன்சர் முத்திப்போய் இனிமே வைத்தியம் இல்லன்னு அனுப்பி வெச்சவங்க, பக்கவாதத்துல படுத்துட்டவங்க, வயசாகி எல்லாமே படுக்கையிலன்னு ஆயிட்டவங்க. வீட்டுக்கே வந்து பாப்பாங்க, காசு கிடையாது, மாத்திரைக்கும் கிடையாது.

எங்க பெரியம்மாவுக்குத்தான் இவங்க வந்தாங்க. டேன்டீ (அரசு தேயிலை தோட்டம்) எஸ்டேட்ல காலம் பூரா கொழுந்து பறிச்சவங்க, சிலோன் மலையகத் தமிழருங்கள்ல ஒரு பகுதியை இந்தியா ஏத்துக்கறதுன்னு சாஸ்திரி சிரிமாவோ ஒப்பந்தம் 1964ல போட்டாங்கல்ல, அதுல சிலோன்லருந்து வந்த குடும்பம். எங்க பக்கம் லைன் வீடுங்கள்ல (எஸ்டேட் தொழிலாளிங்களோட வரிசை வீடு) பாதி அப்படி வந்தவங்கதான். வெத்தலை போயிலை இல்லாம மலை ஏற முடியாதுன்னு சொல்ற தலைமுறை, அந்த போயிலைதான் கன்னத்துல புண்ணாகி கடைசில கேன்சர்ல கொண்டு போய் விட்டுச்சு. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல (அதோட பேரும் வேணாம்) கரண்டு (கதிர்வீச்சு) வெச்சாங்க, கீமோ மருந்து ஏத்தினாங்க, அப்புறம் ஒரு நாள் டிஸ்சார்ஜ் சம்மரிய கையில குடுத்து வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னுட்டாங்க. வலிக்கு சாதாரண மாத்திரை ஒரு பத்து, அவ்வளவுதான், புண்ணை எப்படி பாக்கணும் வாய் திறக்க முடியாதவங்களுக்கு எப்படி சோறு குடுக்கணும்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல.

புண்ணு வெளிய உடைஞ்சதும் பெரிய பிரச்சனை வலி கூட இல்ல, நாத்தம். லைன் வீட்டுல ஒரே ரூமு, அதுலயே அடுப்பு, அதுலயே படுக்கை. பேரப்பசங்க உள்ள வர்றத நிறுத்திட்டாங்க, பெரியம்மாவுக்கு அது புரிஞ்சுது, முந்தானையால வாயை மூடிக்கிட்டு சுவத்து பக்கம் திரும்பி படுத்துக்குவாங்க. முதல் நாள் வந்த சிஸ்டர் (மலையாளி, ஆனா தமிழ் சரளமா பேசுறாங்க) மாஸ்க் கூட போடாம பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் எஸ்டேட் கதை பேசிட்டு, அப்புறமா பையிலருந்து மெட்ரோனிடசோல் மாத்திரை எடுத்தாங்க, வயித்துப்போக்குக்கு குடுப்பாங்கள்ல அதே மாத்திரை. அதை நுணுக்கி பொடியாக்கி, உப்புத்தண்ணில கழுவின புண்ணு மேல தூவி காஸ் துணி வெச்சு கட்டினாங்க. நாத்தம் வர்றது காத்து இல்லாத எடத்துல வளர்ற கிருமியாலன்னும் இந்த மருந்து அதைத்தான் அடிக்கும்னும் சொன்னாங்க. சில நாள்ல நாத்தம் நல்லா குறைஞ்சுருச்சு, பசங்க மறுபடி கட்டில் மேல ஏறி உக்கார ஆரம்பிச்சாங்க. அஞ்சாறு ரூபா சமாச்சாரம், இதை அந்த பெரிய ஆஸ்பத்திரில சொல்லி அனுப்ப என்ன கேடுன்னு எனக்கு இன்னும் கடுப்புதான்.

அடுத்தது மார்ஃபின், அபின்லருந்து எடுக்கிற கடுமையான வலிக்கான மருந்து. இதுக்கு எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. பெரியம்மா மகன், எங்க அண்ணன், அது போதை மருந்து அதை குடுத்தா அம்மா சீக்கிரம் போயிடும்னு ஒரே பிடியா நின்னாரு. டாக்டர் கோவிக்கல, வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பொறுமையா சொன்னாரு, வலிக்கு தக்கன அளவா குடுத்தா அடிமையாகவும் மாட்டாங்க உயிரும் சீக்கிரம் போகாது, முதல் ரெண்டு மூணு நாள் தூக்கக்கலக்கமா இருக்கும், மலச்சிக்கல் கண்டிப்பா வரும் அதனால பேதி மாத்திரையும் சேத்தே குடுக்கணும்னு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, வலி வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும், அதுதான் முக்கியமாம். படிக்க தெரியாத அண்ணிக்கு சூரியன் நிலா படம் போட்டு ஒரு அட்டை எழுதி குடுத்தாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

மார்ஃபின் ஏன் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கலன்னு கேட்டப்போதான் அந்த கதை தெரிஞ்சுது. 1985ல போதைப்பொருள் சட்டம் வந்தப்போ கெடுபிடி ஜாஸ்தியாகி, ஒவ்வொரு மாநிலமும் பல லைசென்ஸ் கேட்டு, ஆஸ்பத்திரிங்க எதுக்கு வம்புன்னு வாங்கறதயே விட்டுட்டாங்க. 2014ல சட்டத்தை திருத்தி லேசாக்கினாங்க, ஆனா பயம் இன்னும் போகல, டாக்டருங்களுக்கே போகல. உலகத்துக்கே அபின் செடி சட்டப்படி வளத்து குடுக்கிற நாடுங்கள்ல நம்ம நாடும் ஒண்ணு, நம்ம ஆளுங்க வலில கத்திட்டே செத்துருக்காங்க. 2010ல ஒரு ஆய்வுல, சாகிற நேரத்துல எந்த நாட்டுல எப்படி கவனிக்கிறாங்கன்னு 40 நாட்டை வரிசைப்படுத்தினதுல இந்தியா 40வது எடம். அதே அறிக்கையில கேரளாவ மட்டும் தனியா புகழ்ந்திருந்தாங்க.

கேரளா ஏன்னா, இவங்க பண்றது எல்லாமே கோழிக்கோட்டுலருந்து வந்த பாணி. 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் எல்லாம் சேந்து சின்னதா ஒரு பெயின் அண்ட் பாலியேட்டிவ் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல டாக்டர் நர்ஸ் மட்டும் வெச்சு ஊர் பூரா பாக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோய், மலப்புறம் பக்கம் டீக்கடைக்காரர் ஆட்டோக்காரர் வாத்தியார்னு ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து இறக்கிவிட்டாங்க, கடைக்கு கடை சின்ன உண்டியல் வெச்சு அந்த காசுலயே நடத்தினாங்க. 2008ல கேரள அரசே இதுக்குன்னு தனி கொள்கை கொண்டுவந்து பஞ்சாயத்து வரைக்கும் கொண்டு போச்சு. கூடலூர்க்காரங்களுக்கு ஊட்டி ஏறி போறதவிட கோழிக்கோடு இறங்கி போறது பழக்கம், அதனால இந்த சமாச்சாரமும் நாடுகாணி மலைப்பாதை ஏறி இங்க வந்துருச்சு.

சரி பயிற்சிக்கு வர்றேன், பெரியம்மா போனதுக்கு அப்புறம் நானே சேந்தேன். கோழிக்கோடு பாணியில வாலண்டியருக்கு 16 மணி நேர வகுப்பு, அதோட 4 தடவை ஹோம் கேர் கூட போகணும். கிளாஸ்னா போர்டுல எழுதி போட்டு அறுக்கறதுன்னு நினைச்சு போனேன், அப்படி இல்ல. பெட்ஷீட்டை பாதியா சுருட்டி ஆளுக்கு கீழ விட்டு ஒரே ஆள் எப்படி புரட்டறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டலன்னா படுக்கைப்புண் வரும், இடுப்பு எலும்பு கிட்ட முதல்ல சிவக்கும் அதை எப்படி கண்டுபிடிக்கறது, விரல்ல காஸ் சுத்தி சோடா உப்பு தண்ணில வாயை எப்படி தொடைக்கறது, எல்லாம் ஒருத்தரை படுக்க போட்டு ஒருத்தர் செஞ்சு பாக்கணும். என்னை படுக்க வெச்சு ஒரு காலேஜ் பையன் ஸ்பூன்ல கஞ்சி ஊட்டினான், தலையணை இல்லாம மல்லாக்க படுத்துக்கிட்டு முழுங்கி பாத்தாதான் தெரியுது எவ்வளவு பயமா இருக்குன்னு, பொரை ஏறி சட்டை பூரா கஞ்சி.

பேசறதுக்குன்னு ஒரு பாதி நாள் வெச்சிருந்தாங்க, வகுப்புல உருப்படியான பகுதி அதுதான். நோயாளி நான் பொழைப்பனான்னு கேட்டா நாம உடனே ஒண்ணும் ஆகாது கவலைப்படாதீங்கம்போம். அப்படி சொன்னா அவங்க அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டாங்களாம். ஏன் அப்படி கேக்கறீங்க உங்களுக்கு என்ன தோணுதுன்னு திருப்பி கேட்டுட்டு கம்முனு இருக்கணும். எழுதறது சுலபம், நம்ம ஆளுங்களுக்கு கம்முனு இருக்கறது இருக்கே, வகுப்புல ஒருத்தர் பாவம் அரை நிமிஷம் தாங்கல, பழனி முருகனை வேண்டிக்கோங்கன்னுட்டாரு.

இப்ப அந்த ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னு சொல்லணும்ல. வகுப்பு நடக்கறது வேலை நாள்ல, டவுன்ல ஒரு ஹால்ல, காலைல 10லருந்து 4 வரைக்கும். வந்தவங்க யாருன்னு பாத்தா ரிட்டயர்டு வாத்தியாருங்க, நர்சிங் காலேஜ் பொண்ணுங்க, கடை வெச்சிருக்கறவங்க, என்னை மாதிரி லீவ் போட முடிஞ்சவங்க. நெசமா ராத்திரி பகலா படுக்கையில கிடக்கிறவங்களை பாக்கறது யாரு, எங்க அண்ணி மாதிரி கொழுந்து பறிக்கிற மருமகளும் மகளும்தான். அவங்க ஒரு நாள் வேலைக்கு போகலன்னா கூலி போச்சு, வீட்டுல நோயாளியை யாருகிட்ட விட்டுட்டு வர்றது, டவுனுக்கு பஸ்ஸு வேற. ஆக சர்ட்டிபிகேட் வாங்கறது ஒருத்தர், பீத்துணி அலசறது இன்னொருத்தர். நான் இதை அவங்ககிட்டயே சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க லைன்லயே மாரியம்மன் கோயில் மண்டபத்துல ரெண்டு மணி நேரம் நடத்தினாங்க பாருங்க, எடமே பத்தல, கைக்குழந்தையோட எல்லாம் வந்தாங்க. கேட்ட கேள்வியெல்லாம் வேற மாதிரி இருந்துச்சு, தனியா இருக்கப்போ மூச்சு நின்னுட்டா நான் என்ன செய்யணும்னு ஒரு சின்ன பொண்ணு கேட்டுச்சு. ஆனா அது ஒரு தடவைதான், அப்புறம் ஆள் இல்ல டீசல் இல்லன்னு நின்னுருச்சு. டவுன் வகுப்பை பாதியா குறைச்சுட்டு இதை மாசா மாசம் எஸ்டேட் எஸ்டேட்டா பண்ணலாம்ங்கிறது என் கட்சி. ஆம்பளைங்களையும் வலுக்கட்டாயமா உக்கார வெக்கணும். சிஸ்டர் வீட்டுக்கு வந்தா முதல்ல மகன் எங்கன்னுதான் கேப்பாங்க, எங்க அண்ணனை பிடிச்சு டிரஸ்ஸிங் பண்ண வெச்சதே அவங்கதான், அது வகுப்புல நடக்கல.

மத்த குறையெல்லாம் ஊரோட குறை. ராத்திரி வர மாட்டாங்க, ஜீப் இருட்டறதுக்கு முன்னாடி இறங்கிடும், ஆனை நடமாட்டம் அப்படி, அதுக்கு யாரை குத்தம் சொல்றது. போன் பண்ணா எடுப்பாங்க, டவர் கிடைச்சா. படுக்கைப்புண் வராம இருக்க காத்து பெட் இலவசமா குடுத்தாங்க, ஆனா கரண்டு போனா அது வெறும் பிளாஸ்டிக் சாக்கு, அதனால அதை நம்பி புரட்டாம விட்டுடாதீங்க.

கடைசி நாளுங்கள்ல என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லி வெச்சாங்க, சாப்பாடு தானா குறையும், பட்டினின்னு நினைச்சு திணிக்காதீங்க, கை கால் சில்லுனு ஆகும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில கரகரன்னு சத்தம் வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்கன்னு. சொன்ன மாதிரியே வந்துச்சு, அதனால மறுபடி ஆம்புலன்ஸ் பிடிச்சு ஓடல. சொந்தக்காரங்க பால் ஊத்தணும்னு டம்ளரோட நின்னப்போ அண்ணிதான் தடுத்து, சிஸ்டர் சொல்லிக்குடுத்த மாதிரி காஸ்ல நனைச்சு உதட்டுல தடவுங்க, முழுங்க முடியாதவங்களுக்கு ஊத்தினா மூச்சு முட்டும்னாங்க. பெரிய மாமா உள்பட எல்லாரும் அப்படியே வரிசையா தடவினாங்க, சாங்கியமும் கெடல.

நீலகிரியில இல்லாதவங்களுக்கு: தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்கல்ல, பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்ற திட்டம்னுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா படுக்கையில இருக்கறவங்களை வீட்டுக்கு வந்து நர்ஸ் பாக்கறதும் பிசியோதெரபியும் அதுலயே இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பாலியேட்டிவ் நர்ஸ் யாருன்னு பேர் சொல்லி கேளுங்க. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி (சதை பரிசோதனை) ரிப்போர்ட், இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, பேப்பர் இல்லன்னா மார்ஃபின் எழுதவே மாட்டாங்க. மிச்சமாற மார்ஃபினை வீட்டுல வெச்சுக்காம, பக்கத்து வீட்டு இடுப்பு வலிக்கு எடுத்து குடுத்துடாம, எண்ணி அவங்ககிட்டயே திருப்பி குடுத்துடுங்க, கட்டிலும் காத்து பெட்டும் கூடத்தான், அதுக்கு எப்பவும் ஒரு வரிசை காத்துட்டு இருக்கு.