ஆதாரம் தேடும் பயிலரங்கு: முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் காசுக்குத் தகும்

போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு பயிலரங்குக்குப் போய் வந்தேன். மருத்துவ ஆய்வுகளை எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்ததை எப்படிப் படிப்பது, படித்ததை வார்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று தாதியருக்குச் சொல்லித் தரும் வகுப்பு. கட்டணம் 480 வெள்ளி. பெரும்பகுதியை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் (பயிற்சிக்கென்று சிங்கப்பூர் அரசு தரும் தொகை) கழித்துக்கொண்டேன், மீதி கைக்காசு. எந்த நிலையம் என்று பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன்.

நான் போனதற்குக் காரணம் ஒரு தாத்தா. கையில் போட்ட பிளக்கை (ஐவி ஊசிக்கு இங்கே வார்டில் எல்லாரும் சொல்லும் பெயர் அதுதான்) மூன்று நாள் ஆனதும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போட வேண்டும் என்பது எங்கள் வார்டு விதி. அவருக்கோ நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. "ஏம்மா, நல்லாத்தானே ஓடுது, இதை எதுக்குப் பிடுங்குறே?" என்று கேட்டார். "ரூல்ஸ் தாத்தா" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றுகிறேன், ஏன் என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை.

சரி, முதல் நாள். அறையில் ஏர்கான் குளிர் எலும்பு வரை போயிற்று, ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பயிற்றுநர் நூற்றுச்சொச்சம் ஸ்லைடுகளைத் திரையைப் பார்த்தே வாசித்தார். கீழே நிபுணர் கருத்து, மேலே மேலே போனால் தனி ஆய்வுகள், உச்சியில் எல்லா ஆய்வுகளையும் சலித்துச் சேர்த்த தொகுப்பாய்வு என்று அந்த பிரமிடு படம் மூன்று தடவை வந்தது. மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் கூட்டாளிகளும் 1996இல் சொன்ன விளக்கமும் வந்தது: நல்ல ஆய்வு ஆதாரம், சிகிச்சை தருபவரின் அனுபவம், நோயாளியின் விருப்பம், மூன்றும் சேர வேண்டும் என்று. சொன்னதில் தப்பே இல்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் படித்துக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறேனே என்றுதான் மதியம் பீஹூனைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். பக்கத்து மேசைத் தோழி உட்கார்ந்தபடியே தூங்கினார். நைட் டியூட்டி முடித்து நேரே வந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் நாளில் உருப்படியாகக் கிடைத்தது கேள்வியைப் பிரிக்கும் முறை ஒன்றுதான். பைக்கோ என்பார்கள். யாருக்கு, என்ன செய்யப் போகிறோம், எதற்குப் பதிலாக, எது மாறுகிறது என்று பார்க்கப் போகிறோம். தாத்தாவின் கேள்வியை அப்படி எழுதிப் பார்த்தேன்: வார்டில் இருக்கும் பெரியவர்கள், வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் பிளக்கைக் கழற்றுவது, நாள் கணக்கு வைத்துக் கழற்றுவதற்குப் பதிலாக, நரம்பு அழற்சியும் (ஊசி போட்ட ரத்தக் குழாய் வீங்கி வலிப்பது) ரத்தத் தொற்றும் கூடுகிறதா. பன்னிரண்டு வருடம் கேட்காத கேள்வி நாலு வரியில் நின்றது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு நூலகர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி, ஸ்லைடே கிடையாது, எல்லாரும் மடிக்கணினியைத் திறங்கள் என்றார். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் உங்கள் கேள்வியைத் தேடுங்கள் என்றதும் நான் சட்டென்று 'பிளக்' என்று போட்டேன். குடலிறக்க அறுவையில் வைக்கும் பிளக், கண்ணீர்க் குழாயை அடைக்கும் பிளக் என்று என்னென்னவோ வந்து விழுந்தது. 'கேனுலா' என்று மாற்றினேன், மூக்கில் ஆக்ஸிஜன் கொடுக்கும் குழாய் வரிசை கட்டி நின்றது. நூலகர் சிரித்தார், கேலியாக இல்லை. பப்மெட் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, 1997 முதல் எல்லாருக்கும் இலவசம். அவர்கள் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே தலைப்புச் சொல் வைத்துக் கட்டுரைகளை அடுக்குகிறார்கள், அந்தச் சொல்பட்டியலுக்கு மெஷ் என்று பெயர், அது 1960இலிருந்தே இருக்கிறது. நம் பிளக்குக்கு அங்கே உள்ள பெயர் 'கேத்தட்டரைசேஷன், பெரிஃபெரல்'. அதைப் போட்டு, 'ஃபிளபைட்டிஸ்' (அதே நரம்பு அழற்சி) என்பதை 'ஆண்ட்' வைத்துச் சேர்த்து, தொகுப்பாய்வுகள் மட்டும் என்று வடிகட்டினால், ஸ்க்ரோல் பண்ணியே படித்துவிடக்கூடிய ஒரு பட்டியல்தான் மிஞ்சியது. ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' போட்டு அள்ளு, வேறு வேறு விஷயங்களை 'ஆண்ட்' போட்டுச் சலி என்றார். இதை யாரும் எனக்கு நர்சிங் படிக்கும்போது இப்படிச் சொல்லித் தரவில்லை.

பட்டியலில் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சலித்துச் சேர்க்கும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வு இருந்தது. 2019 பதிப்பில் 9 ஆய்வுகள், 7412 நோயாளிகள். நாள் கணக்கில் மாற்றுவதற்கும் தேவைப்பட்டால் மாற்றுவதற்கும் நரம்பு அழற்சியிலோ ரத்தத் தொற்றிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்கிறது. அதற்குள் இருக்கும் பெரிய ஆய்வு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 3283 பேரை வைத்துச் செய்தது. இரண்டு குழுவிலும் 7 சதவீதம் பேருக்கு நரம்பு அழற்சி. தாத்தா கேட்டது நியாயம்தான்.

மதியம் காக்ரேன் சின்னத்தைப் பலகையில் வரைந்து காட்டினார்கள். அத்தனை வருடம் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஆய்வுகளாம் அந்தச் சின்னத்தில் இருக்கும் குறுக்குக் கோடுகள், ஒரு கோடு ஒரு ஆய்வு. கோடு குட்டையாக இருந்தால் முடிவு உறுதி, நீளமாக இருந்தால் சந்தேகம், நடுவில் செங்குத்துக் கோட்டைத் தொட்டால் வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. கீழே உள்ள வைரம் எல்லாம் சேர்ந்த முடிவு. முதல் ஆய்வு 1972லேயே வந்துவிட்டது, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு வர 1989 ஆயிற்று. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கு இந்த ஊசி இவ்வளவு பலன் தரும் என்பதே தெரியாது. தனித்தனியாகக் கிடந்தபோது யாரும் கவனிக்கவில்லை. அறை அமைதியாகிவிட்டது, தூங்கிய தோழி உட்பட.

இப்போது திட்டு. வகுப்பில் நாம் பயன்படுத்திய கட்டண இதழ்களின் கணக்கு அன்று மாலை ஐந்து மணிக்கே மூடப்பட்டது. வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திறந்தால் காசு கேட்கிறது. இதற்கு வழி என்ன என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காக்ரேன் சுருக்கங்கள் எப்போதும் இலவசம், முழுத் தொகுப்பும் வெளியாகி ஒரு வருடம் கழித்து இலவசமாகக் கிடைக்கும் (2013க்குப் பிறகு வந்தவை), சில சுருக்கங்கள் தமிழிலும் உள்ளன. அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு அது உதவியது. இங்கே சுகாதார அமைச்சின் கீழ் உள்ள ஏஸ் அமைப்பு வெளியிடும் வழிகாட்டிகளும் இலவசம். இதெல்லாம் நானே தேடித் தெரிந்துகொண்டது.

இன்னொரு குறை, கொஞ்சம் பெரிது. வகுப்புக் கையேடு 2019உடன் நின்றுவிட்டது. நூலகர் சொல்லித் தந்த ஒரு தந்திரத்தை வீட்டில் செய்து பார்த்தேன்: நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பப்மெட்டிலேயே கீழே பார்க்கலாம். அதில் 2021இல் வந்த ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வு மாட்டியது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளின் பதிவு. 96 மணி நேரக் கணக்கை விட்டுவிட்டுத் தேவைப்பட்டால் மாற்று என்று போனதும் ரத்தத் தொற்று கூடியது, பழைய முறைக்குத் திரும்பியதும் இறங்கியது. தொற்று அபூர்வம்தான், ஆனாலும் கூடியது கூடியதுதான். நோயாளிகளைச் சீட்டுப் போட்டுக் குழுவாகப் பிரித்த ஆய்வு இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட்டது, அதனால் எடை குறைவு. அதற்காக மடித்து வைத்துவிடவும் முடியாது. காக்ரேன் தொகுப்பையும் இதையும் அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். கமிட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார், இன்னும் எங்கள் வார்டில் மூன்று நாள் கணக்குத்தான்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் நூலகருக்கு. சேருவதற்கு முன் போன் போட்டு, கையால் தேடிப் பார்க்கும் நேரம் எத்தனை மணி, அதை நூலகர் நடத்துகிறாரா என்று கேளுங்கள். ஸ்லைடுதான் என்றால் விட்டுவிடுங்கள். அந்த அம்மாவின் அரை நாளை மட்டும் தனியாக நடத்துவீர்களா என்று நிலையத்துக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று, தானியங்கிப் பதில் ஒன்றுதான் வந்தது.