மினரலிலிருந்து சிந்தெடிக் ஆயிலுக்கு: 56,600 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டி 2012 மாடல் கார், 1200 சிசி பெட்ரோல். 2017இல் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது மீட்டரில் 48,000 இருந்தது. பழைய ஓனர் எந்த இஞ்சின் ஆயில் ஊற்றினார் என்று அவருக்கே நினைவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கோவையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை விட்டுவிடுவேன். அவர் எல்லா வண்டிக்கும் ஊற்றுகிற 20டபிள்யூ-40 மினரல் ஆயிலை, அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஆயிலை, எனக்கும் ஊற்றுவார். வண்டி ஓடியது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாற்ற வேண்டும் என்று தோன்றியது ஊட்டியில். மாமனார் வீடு அங்கே. 2020 பொங்கலுக்குப் போயிருந்தபோது வண்டி இரவு முழுக்க வெளியே நின்றது, காலையில் புல் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஆறரை மணிக்கு ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டார் முக்கி முனகி இழுக்கிறது, இஞ்சின் பிடித்ததும் வால்வைத் தட்டும் டேப்பட் கடகடவென்று அடிக்கிறது, நாலைந்து விநாடி கழித்துத்தான் அடங்கியது. மாமனார் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "என்ன மாப்பிள்ளை, உள்ளே பாத்திரம் உருளுதா?" என்றார்.

அன்றைக்குத்தான் வண்டியோடு வந்த மேனுவலை முதல்முறையாகத் திறந்தேன். அதில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது! மூன்று வருடமாக நான் ஊற்றிக்கொண்டிருந்தது 20டபிள்யூ-40. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுவது, எண் குறையக் குறைய குளிரில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண் இஞ்சின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்க, பக்கத்திலேயே நல்லெண்ணெய் சாதாரணமாக ஊற்றும்படி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மினரல் ஆயில் ஊட்டிக் குளிரில் உறைந்தெல்லாம் போகாது, ஆனால் இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்பிலிருந்து மேலே ஏறி, வால்வுகளைத் திறக்கும் கேம் வரைக்கும் போய்ச் சேர நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நாலைந்து விநாடி சத்தம் அதுதான்.

சரி, பிப்ரவரியில் 71,400இல் மாற்றினேன். ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், 3.5 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் போதும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) கொடுக்கும் எழுத்தில் எஸ்என் தரம், ஃபுல்லி சிந்தெடிக், அதாவது வேதிமுறையில் தயாரித்தது என்று விற்கும் ஆயில், 5டபிள்யூ-30. மெக்கானிக் அண்ணனுக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. "கண்ணு, எழுபதாயிரம் ஓடின இஞ்சினுக்கு சிந்தெடிக் ஊத்தினா சீல் எல்லாம் ஒழுகும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். நானே பொறுப்பு என்று சொல்லித்தான் ஊற்ற வைத்தேன்.

ஒழுகியது! சரியாக ஆறு வாரத்தில். ஊரடங்கு போட்டு வண்டி நின்றுகொண்டிருந்த நேரம், அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பேன். ஒரு நாள் பானெட்டைத் திறந்தால் இஞ்சினின் மேல்மூடியான ஹெட் கவரின் ஓரம் முழுக்க ஈரம், தூசி ஒட்டிக் கருப்பாகப் பிசுபிசுக்கிறது. கடை திறந்ததும் போனேன். அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி. "அதான் சொன்னனே கண்ணு." கவரைக் கழற்றி கேஸ்கெட்டை உருவினால் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போயிருந்தது, வளைத்ததும் டப்பென்று உடைந்துவிட்டது. எட்டு வருடச் சூட்டில் வெந்துபோன ரப்பர். கெட்டியான ஆயிலும் அழுக்கும் அதுவரை அந்த இடுக்கை அடைத்து வைத்திருந்தன, மெல்லிய ஆயில் வந்ததும் வழி கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். சில நூறு ரூபாயில் கேஸ்கெட் மாற்றியதோடு முடிந்தது, இன்று வரை அங்கே ஈரம் இல்லை.

அண்ணனின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்களில் முக்கியமாக இருந்தது பிஏஓ என்ற, வேதிமுறையில் செய்த எண்ணெய், அது சில ரப்பர் சீல்களைக் கொஞ்சம் சுருங்க வைக்கும். அதைச் சரிக்கட்ட, சீலைச் சற்று உப்ப வைக்கும் எஸ்டர் என்ற இன்னொரு வேதிப்பொருளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பிரச்சினை தீர்ந்து பல வருடமாகிவிட்டது, ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு மட்டும் தீரவில்லை. "ஒரு தடவை சிந்தெடிக் போட்டால் திரும்ப மினரலுக்கு வரவே முடியாது" என்பதும் அதே ரகம். தாராளமாக வரலாம், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும்.

இன்னொன்று, டப்பாவில் ஃபுல்லி சிந்தெடிக் என்று போட்டிருப்பதில் பெரும்பாலானது பிஏஓவே இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து வந்த ஆயிலையே ஹைட்ரஜன் கொடுத்து உடைத்து, மெழுகையெல்லாம் நீக்கிச் சுத்தப்படுத்திய குரூப் 3 ஆயில். காஸ்ட்ரால் பிஏஓவை விட்டு இதற்கு மாறியபோது மொபில் புகார் கொடுத்தது, அமெரிக்காவில் விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் இதையும் சிந்தெடிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. என் டப்பாவில் இருப்பதும் அனேகமாக அதுதான். அதனால் எனக்கு வருத்தமில்லை, என் உபயோகத்துக்கு அதுவே அதிகம். ஆனால் டப்பாவின் பளபளப்பைப் பார்த்து இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள். பின்பக்கம் கிரேடும் ஏபிஐ எழுத்தும் மேனுவலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அது போதும்.

மைலேஜ் எல்லோரும் கேட்பது. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதி வைக்கும் வியாதி எனக்கு உண்டு. முன்பு சராசரி 15.8, பிறகு 16.1. நடுவில் டயர் நாலும் மாற்றியிருக்கிறேன், காற்று அழுத்தம் பார்க்கிற பழக்கமும் வந்தது. ஆகவே அந்த 0.3ஐ ஆயில் கணக்கில் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிக்கப் ஏறிவிட்டது, வண்டி பறக்கிறது என்பதெல்லாம் பணம் செலவழித்த மனசு சொல்வது.

காதுக்குத் தெரிந்தது காலை ஸ்டார்ட்டிங்தான். 2021 ஜனவரியில் அதே மாமனார் வீட்டு வாசல், அதே குளிர், சாவியைத் திருப்பினால் ஒரு விநாடிகூட முழுசாகச் சத்தம் இல்லை. கோவையில் சாதாரண நாளில் இந்த வித்தியாசம் பாதிதான் தெரியும், மே மாதத்தில் தெரியவே தெரியாது. இதில் சிந்தெடிக்குக்கு எவ்வளவு பங்கு, 20டபிள்யூவிலிருந்து 5டபிள்யூவுக்கு வந்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் வழியில்லை. ஆனால் 5டபிள்யூ-30ஐ மினரலில் தேடினால் என் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை, ஆக நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரிந்தது இன்னொன்று. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் 2020இல் உள்ளே இரும்பெல்லாம் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கறை படிந்திருந்தது. மூன்றாவது வருடம் கறை வெளுத்து, சில இடங்களில் உலோகம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. இதற்கு விலை, ஆயில் சீக்கிரம் கருப்பது. முதல் தடவை 3,000 கிலோமீட்டரிலேயே ஆயில் அளவு பார்க்கும் கேஜைத் துடைத்த பனியன் துணி கருப்பாகிவிட்டது. "கருத்துப்போச்சு, மாத்திடலாம்" என்றார் அண்ணன். கருப்பது ஆயில் கெட்டதால் அல்ல, அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்வதால்.

செலவு, 2020 விலையில்: மினரலுக்கு ஆயில், ஃபில்டர், கூலி சேர்த்து 1,400 ரூபாய், 5,000 கிலோமீட்டருக்கு. கிலோமீட்டருக்கு 28 பைசா. சிந்தெடிக்குக்கு 2,300 ரூபாய், 9,000 ஓட்டினால் 25 பைசா சொச்சம். பெரிய லாபமில்லை, நஷ்டமும் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரும் நேரம் பாதியாகிறது. ஆனால் முதல் வருடம் ஊரடங்கால் வெறும் 3,500 கிலோமீட்டர்தான் ஓடியது, அப்படியும் வருடம் முடிந்ததும் மாற்றினேன். சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைத்தால் இஞ்சின் சரியாகச் சூடாகாமல் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் போய்ச் சேரும். கேஜை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை அடித்தது. சிந்தெடிக் என்றால் 15,000 ஓட்டலாம், 20,000 ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் கேட்பதில்லை. 10,000 அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது.

போலி ஆயில் பற்றித்தான் இன்னும் விவரமாக எழுதியிருக்க வேண்டும். சுருக்கமாக, நல்ல பெட்ரோல் பங்கிலோ கம்பெனியின் அங்கீகாரம் உள்ள கடையிலோ நானே பில்லோடு வாங்கிக்கொண்டு போகிறேன், சீல் என் கண் முன்னால் உடைய வேண்டும். காலி டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் காலி டப்பாவுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். முதலில் அண்ணன் கோபித்துக்கொண்டார், இப்போது அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டுகிறார். கழிவு ஆயில் அவருக்கே, சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள்.

இப்போது மீட்டரில் 1,28,000. முன்பு ஆயில் மாற்றியதிலிருந்து அடுத்த முறை வரை ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன், இப்போது ஆறாயிரம் தாண்டினால் கொஞ்சம் இறங்குகிறது, இஞ்சினுக்கும் வயதாகிறது, ஆயிலும் மெல்லியது. நேற்று பார்த்தபோது கேஜில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. 200 மில்லி ஊற்ற வேண்டும், போன தடவை டப்பாவில் மிச்சமானது டிக்கியில் இருக்கிறது.