குவில்ட்டை முடித்துத் தர ஆள் வைக்கலாமா? சில வருட அனுபவம்

துணித்துண்டுகளை இணைத்து மூன்றடுக்காகத் தைக்கிற போர்வைதான் குவில்ட். துண்டுகளை இணைத்து மேல்துணியை முடிக்கும்வரை யாருக்கும் உற்சாகம் குறைவதில்லை. மேல்துணி, நடுவில் பேட்டிங் எனும் பஞ்சு அடுக்கு, அடியில் பின்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கிற கட்டம் வந்ததும்தான் பலருடைய குவில்ட் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. என்னிடமும் அப்படி ஒரு அடுக்கு சேர்ந்திருந்தது. லாங்ஆர்ம் என்னும் பெரிய குவில்ட் தையல் மெஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுத்து முடித்துவாங்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதில் ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது.

பெரும்பாலும் இது திறமையைவிட இடத்தைப் பொறுத்த விஷயம். சாதாரண வீட்டு மெஷினில் ஊசிக்கும் அதன் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே 6 முதல் 9 அங்குலம்தான் இருக்கும்; பெரிய மாடலென்றால் 11 முதல் 13 அங்குலம்வரை. 60க்கு 80 அங்குலப் போர்வையின் நடுப்பகுதியைத் தைக்க, பாதித் துணியைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்துக்கொண்டு, அதன் மொத்த எடையையும் கையால் நகர்த்த வேண்டும். தையல் கோணலாவதற்குப் பாதிக் காரணம் மேசையிலிருந்து தொங்கும் அந்த எடைதான். லாங்ஆர்மில் துணி சட்டத்தின் உருளைகளில் விறைப்பாக நிற்கிறது, நகர்வது மெஷினின் தலை. இடைவெளியும் 18 அங்குலம் தொடங்கி 30வரை கிடைக்கிறது. கை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தையலின் நீளம் மாறாமல் பார்த்துக்கொள்ள ஸ்டிச் ரெகுலேட்டர் வேறு. அதனால் கட்டில் அளவு போர்வைகளை இப்போதெல்லாம் யோசிக்காமல் வெளியே கொடுத்துவிடுகிறேன்.

கட்டணம் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கு. 60க்கு 80 என்றால் 4,800 சதுர அங்குலம். 90க்கு 100 என்றால் 9,000. அளவைக் கொஞ்சம் கூட்டியதுபோலத்தான் தெரியும், செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஒரே டிசைனை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திரும்பத் திரும்பத் தைப்பது மலிவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி டிசைன் வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு ஆகலாம். நூல், பேட்டிங், ஓரம் வெட்டுவது, விளிம்பை மூடும் ஓரப்பட்டி தைப்பது எல்லாம் இதில் அடக்கமா, தனியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியை மட்டும் நான் எப்போதும் வீட்டில்தான் தைக்கிறேன். அது அலுக்காத வேலை.

ஆள் வைப்பதா வேண்டாமா என்பதை மேல்துணி முடிந்த பிறகு யோசிக்கிறோம். உண்மையில் மேல்துணியைச் சுற்றி இணைக்கிற ஓரத்துப் பட்டைகளை வெட்டுவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுவது நல்லது. நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படித் தைத்தால் பட்டை தேவைக்கு மேல் உள்ளே போய், ஓரம் அலையலையாக நிற்கும். வீட்டில் தைக்கும்போது அந்த உபரித் துணியைக் கையால் தள்ளித் தள்ளிச் சமாளித்துவிடலாம். சட்டத்தில் ஏற்றியதும் அது ஒளிந்துகொள்ள இடமில்லை, கொசுவமாக விழுந்து மேலே தையலும் ஓடிவிடும். மேல்துணியின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கே பட்டையை வெட்டி, ஊசி குத்திப் பொருத்தித் தைத்தால் இந்தப் பிரச்சினை வராது. லாங்ஆர்ம் தையல் குறைகளை மறைக்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். பல நேரம் காட்டித்தான் கொடுக்கும்.

பின்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உருளையில் மாட்டவும் பக்கவாட்டில் கிளிப் போட்டு இழுக்கவும் அந்த இடம் வேண்டும். இரண்டு துண்டுகளை இணைத்துப் பின்துணி செய்கிறீர்கள் என்றால், இணைக்கிற இடத்தில் துணியின் கரையை வெட்டிவிடுங்கள். கரை மற்ற இடம்போல இழுபடாது, துவைத்தால் சுருங்குவதும் வேறுமாதிரி. மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்திக் கொடுக்க வேண்டாம், அவர்கள் தனித்தனியாகத்தான் ஏற்றுவார்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் கருப்பு நூல் ஏதாவது சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், அப்புறம் எடுக்க வழியே இல்லை.

வந்தவுடன் எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது. வேறுபாடு துவைக்கத் துவைக்கத்தான் வெளிவருகிறது. ஒருவர் மிக நெருக்கமான டிசைன் ஒன்றைப் போட்டுத் தந்தார். படத்தில் பிரமாதம். போர்த்தினால் உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்கிறது, இத்தனை சலவைக்குப் பிறகும் முழுதாக இளகவில்லை. அதே பேட்டிங்கில் அகலமான வளைவுகளாகத் தைத்தது இன்று வீட்டிலேயே மென்மையான போர்வை. எந்த டிசைன் என்பதோடு, கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் இப்போது கேட்கிறேன். அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்பது பேட்டிங் பாக்கெட்டிலேயே இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும்.

வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் வளைவுகளில் குட்டிக் குட்டி நூல்கள் கண்ணிமை முடிபோல வரிசையாக இழுபட்டு நின்றால் நூலின் இறுக்கம் (டென்ஷன்) சரியில்லை. விரல்நகத்தால் லேசாக நெம்பினாலே அடிநூல் நேராகப் படுத்துக்கிடப்பது தெரியும். முதல் சில சலவைகளில் அறுந்துபோகிற இடம் அதுதான். திருத்திக் கேட்பதில் தவறில்லை, பணம் கொடுத்துத்தானே வாங்குகிறோம்.

சின்னவற்றை நான் கொடுப்பதே இல்லை. குழந்தைப் போர்வை, மேசைவிரிப்பு இதெல்லாம் அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்கிற பாதத்தை மெஷினில் மாட்டி நேர்கோடாகத் தைத்தால் வீட்டிலேயே முடிந்துவிடும், வெளியே கொடுத்தால் காத்திருப்பதுதான் மிச்சம். பழைய உடுப்புகளை வெட்டிச் செய்ததையும் கொடுக்க மாட்டேன். ஏதாவது ஆனால் மாற்றுத்துணி கிடையாதே.

இன்னொருவர் தைத்தது உங்களுடையதா என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் தைக்கிற துணிச்சீட்டில் இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன். கண்காட்சிக்கு அனுப்பினாலும் தைத்துக்கொடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவதுதான் முறை.

முழுவதையும் கொடுப்பதற்கும் வீட்டிலேயே தைப்பதற்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது, அதிகம் பேர் கேட்பதில்லை. மூன்று அடுக்கையும் லாங்ஆர்மில் ஏற்றி, பெரிய பெரிய தற்காலிகத் தையலாக மட்டும் ஓட்டித் தரச் சொல்லலாம். தரையில் முட்டிபோட்டு நூறு ஊக்கு குத்துகிற வேலை மிச்சம். பின்துணியும் சுருக்கமில்லாமல் நிற்கும். அப்புறம் கைத்தையல் வளையத்தில் மாட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் தற்காலிக நூலை உருவிவிடலாம். கைத்தையல் பிடிக்கும், பெரிய அளவுதான் பயம் என்பவர்கள் முழுவதையும் கொடுப்பதற்கு முன்னால் இதற்கு என்ன ஆகும் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். முழுத் தையலைவிடச் செலவு நன்றாகவே குறையும்.