ஸ்டாம்ப் டியூட்டி கூடுதலா கேக்கறாங்களா, இல்ல ஏற்கனவே கட்டிட்டீங்களா: எந்த வழியில போனா காசு மிஞ்சும்

நாங்க வாங்கினது 40 சென்ட் மாந்தோப்பு, கிருஷ்ணகிரி மாவட்டத்துல. சென்ட் 35,000னு பேசி மொத்தம் 14 லட்சம், எல்லாமே பேங்க் வழியா கொடுத்தது, ஒரு ரூபா கூட மறைக்கல. பத்திரம் போட போனா, பக்கத்துல யாரோ மனை பிரிச்சு வித்திருக்காங்க, அதனால எங்க சர்வே நம்பருக்கும் சதுர அடி கணக்குல தான் கைட்லைன் வேல்யூ (அரசாங்கம் வச்சிருக்கற வழிகாட்டி மதிப்பு) இருக்கு, சதுர அடி 150ன்னாங்க. 40 சென்ட்னா 17,424 சதுர அடி, அப்போ 26,13,600 ஆச்சு. ஸ்டாம்ப் 7 பர்சன்ட், பதிவுக் கட்டணம் 2 பர்சன்ட், சேத்து 9. நாங்க எடுத்துட்டு போனது 1,26,000, அவங்க கேட்டது 2,35,224. வித்தியாசம் 1,09,224 ரூபா. மாமரம் நிக்கிற நிலத்துக்கு வீட்டுமனை ரேட்.

அந்த நேரத்துல டாக்குமெண்ட் ரைட்டர் ஒருத்தர் ஒண்ணு சொல்வார், கூட வந்த சொந்தக்காரர் ஒண்ணு சொல்வார், "இப்ப கட்டிடுங்க, அப்பறமா ரீஃபண்ட் போட்டுக்கலாம்"னு ரொம்ப சுலபமா சொல்லிடுவாங்க. அதை நம்பாதீங்க. நாங்க அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வச்சு ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்றேன்.

முதல் வழி, கேக்கறதை கட்டிட்டு பத்திரத்தை கையில வாங்கிட்டு வர்றது. நல்லது என்னன்னா ஒரிஜினல் சீக்கிரமே கைக்கு வந்துடும், வில்லங்கத்துல பேர் ஏறிடும், லோன் போடலாம், நிம்மதி. கெட்டது என்னன்னா, நீங்களே பத்திரத்துல கைட்லைன் மதிப்பை ஒத்துக்கிட்டு எழுதி கட்டினதுக்கு அப்பறம் "நான் கூடுதலா கட்டிட்டேன், திருப்பிக் கொடுங்க"ன்னு கேக்க சட்டத்துல பலமான இடம் இல்ல. இந்திய முத்திரைச் சட்டம் 1899ல 45வது பிரிவுல கூடுதல் தீர்வையை திருப்பிக் கொடுக்கலாம்னு இருக்கு, ஆனா அது 35 அல்லது 40வது பிரிவுல அதிகாரி உத்தரவு போட்டு வசூல் பண்ணின தொகைக்கு, அதுவும் அந்த உத்தரவுல இருந்து 3 மாசத்துக்குள்ள மனு கொடுத்தா தான். நாமளா கவுண்டர்ல கட்டினதுக்கு இல்ல.

இதுல இன்னொரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. வீடு, மனை மாதிரி சொத்தா இருந்து, நீங்க கொடுத்த விலைக்கும் ஸ்டாம்ப் மதிப்புக்கும் நடுவுல 50,000க்கு மேலயும், விலையில 10 பர்சன்ட்டுக்கு மேலயும் வித்தியாசம் இருந்தா, அந்த வித்தியாசத்தை வாங்கினவரோட வருமானமா இன்கம்டாக்ஸ்ல எடுத்துக்குவாங்க. அதாவது ஸ்டாம்ப்ல ஒரு தடவை அடி, வரியில இன்னொரு தடவை அடி. ஓசூர் பக்கம் மனை வாங்கறவங்க இதை கண்டிப்பா கணக்கு போட்டுப் பாத்துட்டு தான் தலையாட்டணும்.

ரெண்டாவது வழி, அதே முத்திரைச் சட்டத்துல 47ஏ பிரிவு. "எங்க விலை இது தான், கைட்லைனை ஒத்துக்கல"ன்னு சொன்னா சப் ரிஜிஸ்ட்ரார் பத்திரத்தை பதிஞ்சுட்டு, மதிப்பை முடிவு பண்ண ஸ்டாம்ப் கலெக்டருக்கு (முத்திரை விஷயத்தை மட்டும் பாக்கற அதிகாரி) அனுப்புவார். பத்திரம் பெண்டிங்ல உக்காந்துடும், ஒரிஜினல் வராது. நாங்க போனது இந்த வழி தான்.

ஃபார்ம் 1 நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும். அந்தப் பதில்ல தான் எல்லாமே இருக்கு. "விலை ஜாஸ்தி, குறைச்சுக் கொடுங்க"ன்னு அழுதா நடக்காது. 1968ல போட்ட விதிகள்ல விவசாய நிலத்துக்கு என்னென்ன பாக்கணும்னு வரிசையா இருக்கு: புஞ்சையா நஞ்சையா மானாவாரியா, தரம் என்ன, தீர்வை எவ்வளவு, பக்கத்து நிலம் என்ன விலைக்கு போச்சு, ரோட்டுக்கும் சந்தைக்கும் எவ்வளவு தூரம், கிணறு மோட்டார் இருக்கா, என்ன பயிர், என்ன வெள்ளாமை. நாங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேப்பர் வச்சோம். சிட்டா, அடங்கல், எஃப்எம்பிங்கற நில அளவைப் படம், பக்கத்துலயே ஏக்கர் கணக்குல வித்த ரெண்டு கிரயத்தோட நகல், அப்பறம் பேங்க் ஸ்டேட்மெண்ட்.

ஸ்டாம்ப் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து இடம் பாக்க ஆள் வந்த நாள் இன்னும் கண்ணுல நிக்குது. தோப்புல பெங்களூரா மாங்காய் பிஞ்சு விட்டிருந்த நேரம். வந்தவர் நேரா கிணத்தை எட்டிப் பாத்தார், மோட்டார் ரூம் கதவைத் திறந்து பாத்தார், அப்பறம் "ரோடு எங்க?"ன்னார். ரோடு இல்லைங்க சார், வண்டித்தடம் தான்னேன். எங்க மாமா ஏற்கனவே டேப் எடுத்துட்டு வந்திருந்தார், ஒரு முனையை எங்கிட்ட கொடுத்து "புடி மாப்ள"ன்னு வண்டித்தடத்தோட அகலத்தை அவர் கண்ணு முன்னாடியே அளந்து காட்டினார், 9 அடி. மனை பிரிச்ச இடத்துக்கு போற ரோடு எங்க தோப்பை தொடவே இல்ல, நடுவுல இன்னொருத்தர் ராகி காடு இருக்கு. அதை அவர் நோட்ல எழுதினாரு. அந்த ஒரு வரி எங்களை காப்பாத்துச்சுன்னு தான் இன்னிக்கும் நினைக்கிறேன்.

கோர்ட் சொன்னதும் நம்ம பக்கம் தான் இருக்கு. கைட்லைன் வேல்யூங்கறது ஒரு வழிகாட்டி தானே தவிர அதுவே முடிவான சந்தை மதிப்பு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியிருக்கு. 2012ல அம்ப்ரிஷ் டாண்டன் வழக்குல, வாங்கின தேதியில நிலம் எப்படி பயன்பட்டுச்சுன்னு தான் பாக்கணும், பின்னாடி அது என்ன ஆச்சுங்கறது ஸ்டாம்புக்கு சம்பந்தம் இல்லன்னு சொன்னாங்க. எங்க மனுவுல அதையும் எழுதினோம், "நாளைக்கு மனை ஆகலாம், இன்னிக்கு மாந்தோப்பு"ன்னு.

முடிவு வர 14 மாசம் ஆச்சு. மதிப்பு 18 லட்சம்னு உத்தரவு. அப்போ கூடுதலா கட்ட வேண்டியது 4 லட்சத்துக்கு 9 பர்சன்ட், 36,000 தான். 1,09,224 கட்ட வேண்டிய இடத்துல 36,000, அதாவது 73,224 மிச்சம். கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா முழு கணக்கையும் சொல்லணும். போர் போட பேங்க்ல லோன் கேட்டிருந்தோம், ஒரிஜினல் பத்திரம் இல்லாம கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. வெளிய 2 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினோம், மாசம் 4,000, 14 மாசத்துக்கு 56,000. கடைசியில கையில நின்னது 17,224 ரூபா. அதனால தான் சொல்றேன், லோன் தேவை இல்லாதவங்களுக்கு 47ஏ நல்ல வழி, பத்திரத்தை அடமானம் வைக்கப் போறவங்க வட்டியையும் சேத்து கணக்கு போடாம இதுல இறங்காதீங்க. உத்தரவு வந்த பிறகு பாக்கியை கட்டாம இழுத்தா அதுக்கும் வட்டி ஏறும், அது வேற.

மூணாவது, அந்த உத்தரவு மேல அப்பீல். ரெண்டு மாசத்துக்குள்ள பதிவுத்துறை தலைவருக்கு (ஐஜி) போடணும், ஆபீஸ் சென்னை சாந்தோம்ல. அதுக்கு மேல ஐகோர்ட். நாங்க 36,000த்துக்காக போகல. இங்கிருந்து சென்னை 260 கிலோமீட்டர் பக்கம், வக்கீல் ஃபீஸ், ரெண்டு மூணு தடவை போய் வர்ற செலவு, அதுக்குள்ள அந்த 36,000ல பாதி கரைஞ்சுடும், பத்திரமும் இன்னும் கொஞ்ச நாள் பெண்டிங்ல கிடக்கும். ஆனா வித்தியாசம் லட்சக்கணக்குல இருந்து, ஸ்டாம்ப் கலெக்டர் நம்ம பேப்பரை பாக்காமயே, காரணம் எழுதாமயே கைட்லைனை அப்படியே போட்டிருந்தா கண்டிப்பா போகணும். அப்பீல்ல புதுசா கதை சொல்றதைவிட, கீழ விசாரணையில நாம என்ன கொடுத்தோம், அதை அவங்க ஏன் பாக்கலன்னு காட்டறது தான் பலம், அதனால கொடுக்கற ஒவ்வொரு பேப்பருக்கும் நகல் வச்சு அதுல ஆபீஸ் சீல் போட்டு வாங்கி வச்சுக்கங்க.

நாலாவது தான் உண்மையான ரீஃபண்ட், அது முழுக்க வேற கதை. பத்திரமே பதிவாகாம, வாங்கின ஸ்டாம்ப் வீணாப் போனா தான் இது. எங்க சித்தப்பா பாகலூர் பக்கம் 20 லட்சத்துக்கு ஒரு மனை பேசி 1,40,000க்கு ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி வச்சாரு, வித்தவரு பிள்ளைங்களுக்குள்ள தகராறு வந்து கிரயம் நின்னு போச்சு. பேப்பர் பீரோவுல. "அவங்க சமாதானம் ஆயிட்டா திரும்பவும் பத்திரம் தானே போடப் போறோம், இருக்கட்டும் விடுடா"ன்னாரு.

எழுதாத ஸ்டாம்பை 54வது பிரிவுல திருப்பிக் கொடுக்கலாம், வாங்கின தேதியில இருந்து 6 மாசத்துக்குள்ள கலெக்டர்கிட்ட மனு போடணும், ரூபாய்க்கு 10 பைசா பிடிச்சுக்கிட்டு மீதி வரும். 1,40,000க்கு 14,000 போக 1,26,000. எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு கெட்டுப் போச்சுன்னா 49, 50வது பிரிவு, பொதுவா 6 மாசம், ஆனா ஒருத்தர் பின்வாங்கினதால பத்திரம் பலிக்காம போச்சுன்னா வெறும் 2 மாசம் தான், இந்த ரெண்டு மாசத்துல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பதிவே ஆயிடுச்சுன்னா, அப்பறம் ரெண்டு பேரும் சேந்து ரத்து பத்திரம் போட்டாலும் கட்டின டியூட்டி திரும்பாது.

திருப்பிக் கொடுக்கறதா, வச்சிருந்து வேற கிரயத்துக்கு பயன்படுத்தறதா? 6 மாசம் ஆனா ஸ்டாம்ப் பேப்பர் செத்துப் போச்சுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, அது தப்பு. 2008ல திருவேங்கட பிள்ளை வழக்குல, நம்ம தமிழ்நாட்டு வழக்கு தான், அந்த 6 மாசம் ரீஃபண்டுக்கு மட்டும் தான், பயன்படுத்த காலாவதி கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனாலும் பழைய தேதி பேப்பரை நீட்டினா கவுண்டர்ல கேள்வி வரும், ஒவ்வொரு இடத்துலயும் தீர்ப்பை எடுத்துக் காட்டிட்டு நிக்க சித்தப்பா வயசுக்கு முடியாது. அதனால என் கணக்கு, கைல உறுதியான வேற சொத்து இருந்தா வச்சுக்கங்க, 14,000 மிச்சம். பேச்சுல மட்டும் தான் இருக்குன்னா அஞ்சாவது மாசம் முடியறதுக்குள்ள மனு போட்டுடுங்க.

கெடு தாண்டிட்டா கூட முழுசா கைய விட வேணாம். பானோ சையத் பர்வாஸ்ங்கற மகாராஷ்டிரா வழக்குல, ஏமாத்தப்பட்டு பதிவுக்கு முன்னாடியே நின்னு போன கிரயத்துக்கு கட்டின 25,34,400 ரூபாயை, கெடுவை காட்டி மறுக்காம திருப்பிக் கொடுங்கன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா அதுக்கு அந்தம்மா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நம்மளால அவ்வளவு தூரம் போக முடியுமாங்கறதை நினைச்சுக்கிட்டே தேதியை பாருங்க.

இன்னொண்ணு, 2025 ஏப்ரல் 1ல இருந்து பொண்ணுங்க பேர்ல 10 லட்சம் வரைக்கும் சொத்து வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1 பர்சன்ட் குறைச்சிருக்காங்க. 8 லட்சத்து மனைக்கு 8,000. சின்ன தொகை தான், ஆனா பத்திரம் எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டியது.

சித்தப்பா பீரோவுல இருந்த பேப்பரை போன வாரம் எடுத்து பின்பக்கம் திருப்பிப் பாத்தேன், வெண்டர் சீலும் தேதியும் மங்கலா இருந்துச்சு, டார்ச் அடிச்சு தான் படிக்க முடிஞ்சுது. அஞ்சு மாசமும் நாலு நாளும் ஆயிருக்கு. திங்கக்கிழமை கிருஷ்ணகிரி போய் மனு கொடுக்கறோம்.