மழைக்கு ரிக்கெற் போட்ட கதை

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பயண முகவரிடம் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட் தீவுக்கு ரிக்கெற், ஹோட்டல் எல்லாம் போட்டோம், பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறை, விலையும் மலிவு, சரி என்று காசைக் கட்டிவிட்டோம். ஏன் மலிவு என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் விளங்கியது. தாய்லாந்தின் மேற்குக் கரைக்கு மே தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, கடலில் பெரிய அலை, கரையில் சிவப்புக் கொடி, பிள்ளைகள் ஹோட்டல் தொட்டியில்தான் குளித்தார்கள். அதே ஓகஸ்டில் கிழக்கே வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமூயில் மழை குறைவு, அங்கே பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, எங்கள் மாரி மாதிரியே. இதை முகவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஹோட்டலும் வாகனமும் சொன்னபடி சரி, அதில் குறையில்லை. நல்லூர்த் தேரையும் விட்டுவிட்டுப் போனதற்கு அம்மா இன்னும் ஏசுகிறா. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.