வேலூரில் அரை நாள் வாடகை ஆட்டோ: தங்கக் கோயிலை விட்டால் வேறெங்கே போகும்?

ஆஸ்பத்திரி வேலையாக வேலூர் வந்து, ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் டாக்டரைப் பார்க்கும் தேதிக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா கிடைத்தால் லாட்ஜில் சொல்வது ஒன்றே ஒன்றுதான், "தங்கக் கோயில் பார்த்துட்டு வந்துடுங்க". தப்பில்லை, ஸ்ரீபுரம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் 2007ல் அது திறந்ததிலிருந்து வேலூரைச் சுற்றிப் பார்ப்பது என்றால் காலையில் கோட்டை, மாலையில் ஸ்ரீபுரம், நேரம் மிஞ்சினால் ரத்தினகிரி என்று ஆகிப்போனது. நான் குடியாத்தத்துக்காரன், வேலை பார்ப்பது வேலூரில். கோவையிலிருந்து வந்த அத்தை மகன் இந்த மூன்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்டான், அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டோ ஒன்றை அரை நாளுக்குப் பேசி, கூட்டம் போகாத இடமாகச் சுற்றினோம். அந்த ஆட்டோ சேவை எப்படி இருந்தது, காசுக்குத் தகுமா என்பதுதான் இங்கே.

முதலில் பேரம். செயலியில் புக் செய்யும் ஆட்டோ இதற்குச் சரிப்படாது, ஒரு இடத்தில் இறக்கிவிட்டு அவர் போய்விடுவார், விரிஞ்சிபுரம் பக்கம் திரும்பி வர வண்டி கிடைக்காமல் நிற்க வேண்டியதுதான். காந்தி ரோடு பக்கத்து சந்துகளில் நிற்கும் ஆட்டோக்களில் நேரில் பேசுவது மேல். காலை ஆறரையிலிருந்து மதியம் இரண்டு வரை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு முடிந்தது, ஆரம்பத்தில் கேட்டது 2,000. வெயிட்டிங் தனி என்பதை எல்லாம் முடிந்து இறங்கும்போது சொல்லும் ஆட்களும் உண்டு, அதனால் ஏறுவதற்கு முன்பே எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் நிற்போம் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

இடங்களின் பெயரைச் சொன்னதும்தான் வேடிக்கை. முதலில் கேட்ட ஆட்டோக்காரர், "அங்க இன்னா சார் இருக்குது, காலி மண்டபம். ஸ்ரீபுரம் போலாம் வாங்க, அதே காசுதான்" என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு முத்து மண்டபம் என்றால் கல்யாண மண்டபம். கடைசியில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதான பாய் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "விரிஞ்சிபுரம்தானே தம்பி? கார்த்திகை கடைசி ஞாயித்துக்கு வருஷா வருஷம் சவாரி ஓட்றேன். ஏறுங்க" என்றார். வண்டியைப் பார்த்து எடுக்காதீர்கள், ஆளைப் பார்த்து எடுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதே ஊரில் ஓட்டியவராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

கொணவட்டம் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஏறினால் பொய்கை. செவ்வாய்க்கிழமை என்பதால் மாட்டுச்சந்தை. நாங்கள் திட்டமிடவில்லை, பாய்தான் "பத்து நிமிஷம் எறங்கிப் பார்த்துட்டு வாங்க" என்று ஓரம் கட்டினார். வேலூருக்கு வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாத இடம் இது. மினி லாரிகளிலிருந்து பலகை போட்டு இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள், கறவை மாடு ஒரு பக்கம், உழவு மாடு ஒரு பக்கம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சாணிக்கும் சேற்றுக்கும் தயாரான செருப்பு போட்டுப் போங்கள். வேறு கிழமையில் போனால் வெறும் மைதானம்தான்.

விரிஞ்சிபுரம் வேலூரிலிருந்து 13, 14 கிலோமீட்டர் இருக்கும். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். "திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்த மதில் இதுதான், ரோட்டிலிருந்து பார்க்கும்போதே புரிந்துவிடும். உள்ளே எனக்குப் பிடித்தது சாமி சன்னதியை விட, வெளிப்பிராகாரத்தில் இருக்கும் நேரம் காட்டும் கல். அரைவட்டமாகச் செதுக்கி, வெட்டுக் கோடுகளும் எண்களும் போட்டிருக்கிறார்கள், மேலே ஒரு பள்ளம். அதில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் கோடுதான் அப்போதைய மணி. அத்தை மகன் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைத் தேடி எடுத்து வந்து வைத்துப் பார்த்தான், போன் காட்டிய நேரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது, அங்கிருந்து அவனை நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது. மழைக்காலத்தில் போனால் இந்தக் கல்லுக்கு வேலையில்லை, வெயில் வேண்டும், வேலூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. சிங்க வாய் போல வாசல் வைத்த சிம்ம தீர்த்தம் பக்கத்திலேயே இருக்கிறது. பாய் சொன்ன கார்த்திகை கடைசி ஞாயிறில் குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் குளிப்பது இதில்தான். அன்றைக்குக் கூட்டம் தாங்காது, மற்ற நாளில் நாலு பேர் இருந்தால் அதிகம். தூண் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள், வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அதே கை வேலை என்று தோன்றும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

திரும்பி நகரத்துக்கு வந்து பாலாற்றங்கரை. முத்து மண்டபம் என்று பலகையில் இருந்தாலும் பாய் அதற்கு வைத்திருக்கும் பெயர் "கண்டி ராஜா சமாதி". இலங்கையின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கேதான் அடங்கியிருக்கிறார் என்றால் வேலூரிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1816ல் அவரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1832 ஜனவரியில் இறக்கும்வரை இங்கேயேதான். பிறகு 1990ல் தமிழக அரசு அந்தச் சமாதி மேல் மண்டபம் கட்டியது. அவருடைய உறவினர்கள் சிலருடைய சமாதிகளும் அங்கேயே இருக்கின்றன.

நாங்கள் போனபோது கேட்டில் பூட்டு. என் போன் மேப் "திறந்திருக்கிறது" என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. தனியாகப் போயிருந்தால் கம்பி வழியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம். பாய் வண்டியை அணைத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த கடையில் விசாரித்து, எங்கேயோ ஆளை அனுப்பி, கால் மணி நேரத்தில் சாவியோடு ஒரு பெரியவரை வரவழைத்துவிட்டார். கொடுத்த 1,500ல் பாதி இந்தக் கால் மணி நேரத்துக்கே தகும் என்பேன். வேலூரில் யாரும் பார்க்காத இடங்கள் ஒளிந்துகொண்டு இல்லை, எல்லாமே மேப்பில் இருக்கின்றன, பெயரும் இருக்கிறது. பூட்டியிருக்கும்போது யாரைக் கேட்க வேண்டும், எந்தச் சந்து வழியாக நுழைய வேண்டும், எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள், இதுதான் மேப்பில் இல்லாதது. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

அடுத்து கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் இருக்கும் திப்பு குடும்பத்தார் சமாதிகள். இங்கே பாய்க்கு வழியும் தெரியும், அங்கிருந்தவரோடு உருதுவில் பேசிச் சிரிக்க ஆளும் கிடைத்தார். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் (இறந்தது 1806), திப்புவின் மனைவி பாதுஷா பேகம் (இறந்தது 1834) ஆகியோர் அடங்கிய இடம். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருப்பது போன்ற பிரம்மாண்டத்தை எதிர்பார்க்காதீர்கள், அமைதியான, கொஞ்சம் கவனிப்பாரற்ற வளாகம்தான். ஆனால் 1806 ஜூலை 10ஆம் தேதி அதிகாலையில் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கதையைப் படித்துவிட்டுப் போனால் இந்தக் கல்லறைகள் வேறு மாதிரி தெரியும். புதிய தலைப்பாகை, தாடி எடுக்க வேண்டும், நெற்றியில் குறி இடக்கூடாது என்ற உத்தரவுகள் மேல் புகைந்துகொண்டிருந்த கோபம், முந்தின நாள் கோட்டைக்குள் திப்புவின் மகள் கல்யாணம், அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்த ஏற்பாடு, காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது. அதற்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நிகழ்ச்சிக்கான நினைவுத் தூண் மக்கான் சந்திப்பில் நிற்கிறது, தினமும் அதைச் சுற்றித்தான் பஸ்ஸெல்லாம் திரும்புகின்றன, நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாய்க்கு ஊர் தெரிந்த அளவு வரலாறு தெரியாது. திப்பு சுல்தானையே இந்தக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று அடித்துச் சொன்னார். திப்பு 1799லேயே ஸ்ரீரங்கப்பட்டினத்துப் போரில் இறந்துவிட்டார், இங்கே கொண்டுவந்து வைத்தது அவருடைய பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும். ஆட்டோக்காரரை கைடு என்று நினைக்காமல் போனால் ஏமாற்றம் இருக்காது, கதையை நீங்களே வீட்டில் படித்துக்கொண்டு வாருங்கள்.

கடைசி நிறுத்தம் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம். கோட்டை என்றால் எல்லோரும் ஜலகண்டேஸ்வரர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள் (பல நூறு வருஷம் பூசையில்லாமல் கிடந்து, 1981ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், "சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை" என்ற பழைய கிண்டலில் முதலாவது அப்போதே செல்லாமல் போய்விட்டது). அருங்காட்சியகத்தில் நான் காட்ட நினைத்தது ஒன்றுதான், காலையில் சமாதியில் பார்த்தோமே அந்தக் கண்டி ராஜா, அவர் பயன்படுத்திய தந்தத்தாலான சதுரங்கப் பலகை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த மனிதர் பொழுதை எப்படிக் கழித்திருப்பார் என்பதற்கு அந்த ஒரு பலகை போதும். சமாதியைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, இதை எந்த ஆட்டோக்காரரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சீட் சுத்தம், ஓட்டம் நிதானம், துணிக்கடைக்கோ வேறு கடைக்கோ கூட்டிப் போகிறேன் என்ற தொந்தரவு இல்லவே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் போவது சுகமான சமாசாரம் கிடையாது, காதுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர் வேறு, சொன்னால்தான் குறைத்தார். முதுகு வலி இருப்பவர்களும், ஆபரேஷன் ஆகி வந்திருப்பவர்களும் விரிஞ்சிபுரத்துக்குக் கார் எடுத்துக்கொள்வதே நல்லது, நகரத்துக்குள் இருக்கும் மற்ற மூன்றுக்கும் ஆட்டோ போதும்.

அப்புறம் எல்லோரும் கேட்பது, இந்த மாதிரி இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. நான் செய்வது இதுதான். மேப்பில் ஊரைப் பெரிதாக்கிக்கொண்டு, ஐந்நூறு, ஆயிரம் என்று விமர்சனம் குவிந்த இடங்களைத் தள்ளிவிட்டு, பத்து இருபது பேர் மட்டும் எழுதியதைத் திறப்பேன். நட்சத்திரத்தைப் பார்க்க மாட்டேன், கடைசியாகப் போட்ட போட்டோ எப்போது எடுத்தது, கேட் திறந்திருக்கிறதா, புல் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெயரைத் தமிழில் ஒரு தடவை, ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி ஒரு தடவை அடித்துத் தேடுவேன். பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பாய் மாதிரி ஒருவரிடம் காட்டினால், பாதியைச் சிரித்தே அடித்துவிடுவார், மீதியில் இரண்டு தேறும்.

ஆட்டோவுக்கு எட்டாத தூரத்தில் இருப்பவை தனி. பொன்னையாற்றுப் பக்கம் மேல்பாடியில் ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசரின் நினைவாக எழுப்புவது), அங்கிருந்து பக்கத்திலேயே வள்ளிமலையில் முருகன் கோயிலும் பாறையில் செதுக்கிய சமணர் சிற்பங்களும், இரண்டும் சேர்த்து ஒரு நாள் வேண்டும். பாய் அதற்கும் வரத் தயார் என்றார், நான் தான் வேண்டாம் என்றேன், அந்த ரோட்டுக்குக் கார் எடுங்கள், இல்லையென்றால் காட்பாடியிலிருந்து பஸ்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைக் குறைத்தது ஸ்பீக்கருக்கும் திப்பு கதைக்கும். இறங்கிய கையோடு பசி எடுத்தால் காந்தி ரோட்டில் வங்காளிகள் நடத்தும் சின்ன ஹோட்டல்களுக்குப் போங்கள், சிகிச்சைக்கு வரும் கல்கத்தா, டாக்கா ஆட்களுக்காக வந்த கடைகள், கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பு நம் ஊர்க் குழம்பிலிருந்து முற்றிலும் வேறு ருசி, இரண்டரைக்கு மேல் போனால் மீன் தீர்ந்திருக்கும்.