வயதை எங்கே வைப்பது: நிபுணனும் போர் தொழிலும்

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், 1970இல் அந்நிறுவனம் தந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ என் நினைவுக்கு வரும். துப்பறிவதும் துரத்துவதும் அடிப்பதும் அன்று ஒரே ஆளின் வேலை. ஜெய்சங்கருக்கு வயது முப்பதை ஒட்டி இருந்ததால் அது யாருக்கும் உறுத்தவில்லை. அதே வேலையை, ஐம்பதையும் அறுபதையும் தாண்டிய சண்டை நாயகர்கள் ஏற்கும்போது வயதை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. அர்ஜுன் நடித்த 2017இன் ‘நிபுண’னும் சரத்குமார் நடித்த 2023இன் ‘போர் தொழி’லும் அதற்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன.

‘நிபுணன்’ அர்ஜுனின் 150ஆவது படம். ஆக்‌ஷன் கிங் என்று பட்டம் பெற்றவரை நடுக்குவாதம் பீடித்த டி.எஸ்.பி.யாக நிறுத்திய இயக்குநர் அருண் வைத்தியநாதனின் துணிச்சலை நான் மதிக்கிறேன். கராத்தேயால் பெயர் வாங்கிய உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போவதைப் பார்ப்பது, அவருடைய பழைய படங்களோடு வளர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும். ஆயினும் நோயை நாயகன் வென்றாக வேண்டிய இன்னொரு எதிரியாகவே படம் வைக்கிறது. பிரசன்னாவும் வரலட்சுமியும் (இவர் சரத்குமாரின் மகள் என்பது இந்த ஒப்பீட்டில் ஓர் இனிய தற்செயல்) உடன் நின்றாலும், கதையின் பாரம் முழுவதும் அர்ஜுனின் தோளில்தான் இருக்கிறது.

விக்னேஷ் ராஜாவின் முதல் படமான ‘போர் தொழி’லில் வயது நோயாக வரவில்லை, பொறுமையின்மையாகவும், பல ஆண்டுகள் பிணங்களைப் பார்த்துப் பார்த்து இறுகிப்போன முகமாகவும் வருகிறது. திருச்சியில் நடக்கும் தொடர் கொலைகளை விசாரிக்கும் மூத்த போலீஸ் அதிகாரி லோகநாதனுக்கு (சரத்குமார்), ஏட்டுப் படிப்போடும் உள்ளூர அச்சத்தோடும் வந்து சேரும் பிரகாஷை (அசோக் செல்வன்) முதலில் பிடிப்பதில்லை. சரத்குமார் அந்த வெறுப்பைக் குரலை உயர்த்தாமல், பார்வையாலும் பாதியில் வெட்டிவிடும் பேச்சாலுமே காட்டுகிறார். ஒரு காலத்தில் ஆணழகன் பட்டம் வென்ற அந்த ஆகிருதி, இங்கே ஓடுவதற்காக அல்லாமல் ஓர் அறையின் காற்றையே கனக்கச் செய்வதற்காகப் பயன்படுகிறது. அதைவிட முக்கியமாக, படத்தின் சரிபாதியை அவர் இளையவருக்கு விட்டுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்கிறவனின் கண் வழியாகப் பார்ப்பதால்தான் மூத்தவரின் அனுபவம் நமக்கு எட்டுகிறது.

நடிப்பில் எடுத்துக்கொண்ட ஆபத்தை மட்டும் அளந்தால் அர்ஜுனே ஒரு படி மேல். குற்றக்கதைக்கு எது பொருத்தம் என்று கேட்டால், தயக்கமில்லாமல் சரத்குமாரின் வழியைத்தான் சொல்வேன். ‘நிபுணன்’ பார்த்த இரவில், ‘நாட்டாமை’ காலத்து ரசிகரான என் மாமா வீடு வரும்வரை சண்டைக் காட்சிகளைப் பற்றியே பேசினார். ‘போர் தொழில்’ விட்டதும் தட்டுவடை செட் கடையில் தட்டைக் கையில் வாங்கியவர், நெடுநேரம் வாயில் வைக்காமலே நின்றார். பிறகு, “சண்டை வருமான்னு காத்திருக்கவே தோணலடா மாப்ள” என்றார்.